திருச்சி வெயிலில் வீட்டுப் பூந்தோட்டம்: மல்லி ஏன் பூக்கவில்லை, கோடைக்கு எதை வைக்கலாம்?

கேட்டது இதுதான்: திருச்சியில் தனி வீடு. வாசலில் 20 அடி நீளம், 6 அடி அகலத்தில் கிழக்குப் பார்த்த மண்தரை, மேலே மொட்டை மாடி. பிப்ரவரியில் நர்சரியில் வாங்கி வைத்த பெட்டூனியாவும் டேலியாவும் ஏப்ரலில் கருகிவிட்டன. வாசலில் நிற்கும் மல்லிச் செடி மூன்று வருடமாக இலை இலையாகத் தழைக்கிறது, பூவைக் காணோம். கோடைக்கு எந்தப் பூ வைக்கலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது, மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போனால் செடியை யார் பார்ப்பது?

முதலில் பெட்டூனியா, டேலியா விஷயம். உங்கள் பராமரிப்பில் குறை எதுவும் இல்லை. டேலியா மெக்சிகோவின் மேட்டுநிலத்துச் செடி. பெட்டூனியாவும் நம் சமவெளிக்குப் பனிக்காலப் பூதான். இவற்றை கார்த்திகையில் வாங்கி, மாசி வரை பார்த்து ரசித்து, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். நர்சரிகளில் பிப்ரவரியில் பூத்துக் குலுங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் நமக்குக் கண் போகும். ஆனால் அப்போது அவற்றின் ஆயுள் முடியும் கட்டம். சாமந்தியும் இப்படித்தான். பகல் குறுகும் காலத்தில் மொட்டு வைக்கிற செடி அது. ஏப்ரலில் பூவோடு ஒரு சாமந்தித் தொட்டியைப் பார்த்தால் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எந்தச் செடி என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: கோடையில் நீங்கள் எத்தனை மணிக்குத் தோட்டத்தில் இருப்பீர்கள்? திருச்சியில் சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கு மேல் வாசலில் நிற்க முடியாது. மாலை ஐந்தரைக்குத்தான் மறுபடி கதவைத் திறப்போம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசல் திண்ணையிலோ மாடியிலோ உட்காருவோம். அந்த நேரத்தில் பூத்து, அந்த நேரத்தில் மணக்கிற செடிகளைத்தான் வாசலில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர்க் கோடைத் தோட்டம் பாதிக்கு மேல் ராத்திரித் தோட்டம். மாடியில் மட்டும் வெயிலையே சாப்பிட்டு வளர்கிற வண்ணப் பூக்களை வையுங்கள். இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் செடி வாங்குவது சுலபமாகிவிடும், செலவும் குறையும்.

இனி மல்லிக்கு வருவோம். குண்டுமல்லிதான் நம் கோடையின் ராணி. மார்ச்சில் தொடங்கி ஜூன், ஜூலை வரை பூக்கிற செடி மூன்று வருடம் சும்மா நிற்கிறது என்றால், நான் முதலில் கேட்பது, கவாத்து செய்தீர்களா என்பதுதான். பெரும்பாலான வீடுகளில் செய்வதில்லை. தழைத்து நிற்கிற செடியை வெட்ட மனசு வராது. ஆனால் மல்லி மொட்டு வைப்பது புதுத் தளிரின் நுனியில். பழைய கிளை எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அதில் இலைதான் இருக்கும். புதுத் தளிர் நிறைய வர வேண்டும் என்றால் பழையதை வெட்டித்தான் ஆக வேண்டும்.

நேரம் முக்கியம். மல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை நடுவில். பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்கிறோமே, அதற்கு டிசம்பர். முல்லைக்கு ஜனவரி. மல்லியை வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சுமார் 45 முதல் 50 செ.மீ. விட்டு, செடி முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, பென்சிலை விட மெலிந்த நோஞ்சான் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடலாம். மிச்சமிருக்கிற இலைகளையும் உருவிவிடுவார்கள். முடிந்ததும் செடியைப் பார்த்தால் வெறும் குச்சியாக நிற்கும், பயமாக இருக்கும். பயப்படாதீர்கள். அடியில் மண்ணைக் கொத்தி, தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் தை மாதத்தில் கணுவுக்குக் கணு தளிர் வெடிக்கும்.

உரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயலில் வளர்ந்த மல்லிச் செடி ஒன்றுக்கு வருடத்துக்கு 10 கிலோ தொழு உரமும், தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) 120 கிராமும் பரிந்துரைக்கிறது. கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன்-ஜூலையில் பாதி. இந்த அளவை வீட்டுச் செடிக்கு அப்படியே போட வேண்டியதில்லை. விகிதத்தைக் கவனியுங்கள்: இலைக்கான சத்தைப் போல இரண்டு மடங்கு, பூவுக்கும் வேருக்குமான சத்து. வீட்டில் நாம் செய்வது நேர்மாறு. சாணம், காய்கறிக் கழிவு, யூரியா என்று தழைச்சத்தையே கொட்டுகிறோம், செடியும் தழைத்துக் காட்டுகிறது. உங்கள் செடி பச்சைப் பசேல் என்று இருந்து பூக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். எலும்புத்தூள் இரண்டு கைப்பிடி, விறகடுப்புச் சாம்பல் கிடைத்தால் ஒரு கைப்பிடி, மண்புழு உரம் என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் பக்கம் தண்ணீர் உப்புத்தன்மையாக இருந்தால் சாம்பலைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாவது காரணம் வெயில். கிழக்கு வாசல் என்றால் உச்சிப்பொழுது வரை வெயில் கிடைக்கும், அது போதும். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரோ, வேப்பமரக் கிளையோ மறைக்கிறதா என்று ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான நேரடி வெயில் என்றால் மல்லி இலையோடு நின்றுவிடும். மல்லிக்கு நிழல்வலை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தேவையே இல்லை.

இப்போது ஏப்ரலாகிவிட்டதே, நவம்பர் வரை காத்திருக்கணுமா என்றால், வேண்டாம். இப்போது கடும் கவாத்து செய்யாதீர்கள். கிளை நுனிகளில் மட்டும் அரை அடி வெட்டி, கொஞ்சம் இலையை உருவி, எலும்புத்தூள் போட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்று, ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்று மொட்டு வரும். பூத்து முடிந்த நுனிகளை அவ்வப்போது கிள்ளிக்கொண்டே இருந்தால் அடுத்த சுற்று வரும். முழுப் பலன் வருகிற நவம்பரில் வெட்டினால்தான்.

மொட்டு வந்தபின் ஒரு தொல்லை காத்திருக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய மொட்டு ஊதா நிறமாகி, அடிப்பக்கம் வீங்கி, விரியாமலேயே காயும். அப்படி ஒரு மொட்டை நகத்தால் கீறிப் பாருங்கள், கடுகை விடச் சின்னதாகப் புழுக்கள் நெளியும். இது மொட்டு ஈ. இன்னொன்று மொட்டுப்புழு, அது மொட்டில் ஓட்டை போட்டு, பக்கத்து மொட்டுகளையும் நூலால் இழுத்துக் கட்டிவிடும். இரண்டுக்கும் வீட்டில் செய்யக்கூடிய சிறந்த வைத்தியம், கெட்ட மொட்டுகளைப் பறித்து ஒரு பையில் போட்டு வெளியே எடுத்துப்போவது. அடியிலேயே உதிர்த்துவிட்டால் மொட்டு ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். அதனால் செடியின் அடிமண்ணை வாரம் ஒரு முறை மேலாகக் கிளறிவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம். தலையில் வைக்கிற பூ, சாமிக்குப் போடுகிற பூ. அதற்குக் கடை மருந்து வாங்கி அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

புது இலை வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இது சகஜம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளியுங்கள், பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை. இதே குறை இட்லிப்பூச் செடிக்கும் வரும், இதே வைத்தியம்தான்.

மல்லிக்கு அடுத்து, வாசல் மண்ணில் என் முதல் தேர்வு அந்திமந்தாரை. நர்சரியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே இல்லை. தெருவில் யார் வீட்டிலாவது மிளகு போன்ற கறுப்பு விதை உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி வந்து ஊன்றினால் போதும். மாலை நாலு, ஐந்து மணிக்கு விரிந்து மறுநாள் காலை வரை இருக்கும். ஒரே செடியில் இரண்டு நிறம், ஒரே பூவில் கோடு போட்டது போல இரண்டு நிறம் என்றெல்லாம் வரும். இருட்டும் நேரத்தில் அதன் அருகில் சும்மா நின்று பாருங்கள். நீளமான உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டு பெரிய அந்துப்பூச்சிகள் பறந்த நிலையிலேயே தேன் குடிக்கும், சிறகு கண்ணுக்கே தெரியாது. அடியில் கிழங்கு இருப்பதால் மேலே காய்ந்தாலும் மழைக்கு மறுபடி முளைக்கும். விதையும் கிழங்கும் நச்சு. வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருந்தால் விதையைக் கூட்டித் தள்ளிவிடுங்கள்.

நிலச்சம்பங்கிக் கிழங்கு நாலைந்தை ஒரே இடத்தில் கொத்தாக நடுங்கள். தனியாக ஒன்று நட்டால் எடுப்பாக இருக்காது. தண்டில் கீழிருந்து மேலாக நாளுக்கு இரண்டு மூன்று பூவாக விரிந்துகொண்டே போகும். பொழுது சாய்ந்தபின்தான் மணம் கூடும். இப்போது நட்டால் இந்தக் கோடைக்குப் பூ கிடைக்காது, மூன்று நாலு மாதம் பிடிக்கும். நட்டுவைத்துவிட்டால் அடுத்த கோடைக்குக் கொத்தாகத் தயாராகிவிடும். அடுக்கு நந்தியாவட்டை ஒன்று, சுவரோரம். அரை நிழலிலும் பூக்கிற அருமையான செடி. இருட்டில் வெள்ளைப் பூ மட்டும் தெரியும், அதற்காகவே வைக்கலாம். இரவு ராணியும் வைக்கலாம், ஆனால் படுக்கையறை ஜன்னலிலிருந்து தள்ளி. ஒரே செடி பூத்தால் தெருவே மணக்கும், சிலருக்கு அந்த மணத்தில் தலைவலி வந்துவிடும்.

மணக்கிற செடி வைத்தால் பாம்பு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது தடுப்பார்கள். வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. புதராக அடர்ந்த செடியின் அடியில் தவளையும் எலியும் தங்கும், அவற்றைத் தேடித்தான் வரும். மல்லியைக் கவாத்து செய்து, எல்லாச் செடிக்கும் அடியில் ஓரடிக்குக் கிளை இல்லாமல் வைத்துக்கொண்டு, பழைய தொட்டி, செங்கல் குவியலை அப்புறப்படுத்தினால் அந்தப் பயம் போய்விடும்.

காலைக்கு என்று மூன்று நாலு செடி போதும். செம்பருத்தி ஒன்று கட்டாயம். அதன் பூவுக்கு ஆயுள் ஒரே நாள். தினம் காலை புதுப் பூ. தேன்சிட்டு வருவதும் இதற்குத்தான். இதழ்களின் முன்பக்கம் வராமல், பூவின் அடிப்பக்கத்தில் அலகால் குத்தித் தேனை எடுத்துக்கொண்டு போகும். மாவுப்பூச்சி தொல்லை இருக்கும். வெள்ளைப் பஞ்சு தெரிந்த அன்றே குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மோசமாக இருந்தால் அந்த நுனியை வெட்டிவிடுங்கள். சங்குப்பூவை கேட்டின் மேல் ஏற்றிவிடலாம். பயறு வகைச் செடி, வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், உரமே கேட்காது. நீலப் பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகிச் சிவப்போடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், விடுமுறையில் ஒரு மத்தியானம் ஓடிவிடும். கனகாம்பரத்துக்கு உங்கள் கிழக்கு வாசல் பொருத்தமான இடம். காலை வெயில், மத்தியானம் நிழல். மல்லியோடு சேர்த்துக் கட்ட நிறம் வேண்டுமே, அதற்காகவாவது நாலு செடி. நித்தியகல்யாணி தானாக முளைத்து வரும், வந்தால் பிடுங்காதீர்கள்.

அரளி பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்கு அதைப் போலத் தாங்குகிற செடி கிடையாது. ஆனால் செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் கடும் விஷம், மஞ்சள் அரளி விதை உயிருக்கே ஆபத்து. சிறு குழந்தைகளோ ஆடு மாடோ இருக்கிற வீட்டில் வேண்டாம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் சில சமயம் விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்றைப் பார்ப்பீர்கள், தலைப்பக்கத்தில் நீலக் கண் போல இரண்டு புள்ளி இருக்கும். அழகான அந்துப்பூச்சி ஒன்றின் புழு அது. ஒன்றிரண்டு இலை போனால் போகட்டும், கொல்லாமல் விட்டுவிடுங்கள்.

இப்போது மாடி. இங்கே நிழல் தேடுகிற செடிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வலை கட்டி, குழாய் போட்டுப் போராடுவதில் அர்த்தமில்லை. காகிதப்பூ, பட்டு ரோஜா, அடினியம், வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜீனியா. இந்த ஆறும் முழு வெயிலில் நிற்கும்.

காகிதப்பூவைக் கொஞ்சம் காயப்போட வேண்டும். தினமும் தண்ணீர் விட்டுச் செல்லமாக வளர்த்தால் நீள நீளமாகக் கொடி விட்டு இலையாக நிற்கும். இலை லேசாகத் தொங்குகிற வரை விட்டு, பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டால் நிறமாகக் கொட்டும். நிறமாகத் தெரிவது பூ அல்ல, பூவடிச் செதில். அதற்குள் தீக்குச்சித் தலை அளவில் வெள்ளையாக எட்டிப் பார்ப்பதுதான் பூ. பிரேசில் பக்கத்துச் செடி இது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயரால்தான் அதற்கு போகன்வில்லா என்ற பெயர். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனியை வெட்டிவிட்டால் கிளைத்து, அடுத்த சுற்று அடர்த்தியாக வரும்.

பட்டு ரோஜாவைப் பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்றும் சொல்வோம். விரல் நீளத் தண்டைக் கிள்ளி மண்ணில் செருகினாலே வேர்பிடிக்கும், பூக்க ஆரம்பித்துவிடும். அகலமான, ஆழமில்லாத தொட்டி போதும், பழைய பிளாஸ்டிக் டப் கூடப் போதும். வெயில் ஏறினால் விரியும், மாலையில் மூடிவிடும். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாகப் பார்க்க முடியும். அதற்காக அதை விட்டுவிட வேண்டாம். தேனீ அதைத் தேடி வரும், உங்கள் காய்கறிச் செடிக்கும் லாபம். அடினியம் கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியப் பக்கத்துச் செடி. அடித்தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்துவைத்திருக்கும். அதன் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். தண்ணீர் தேங்கி அழுகினால் மெத்தென்று அமுங்கும். பாதி மணல் கலந்த மண்ணும் அடியில் தாராளமான ஓட்டையும் இருந்தால் போதும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஜா பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் எல்லோரும் வைத்திருப்பீர்கள். கோடையில் பூ சின்னதாகத்தான் வரும், அது இயல்பு. இப்போது கவாத்து செய்யாதீர்கள். பன்னீர் ரோஜா மட்டும் வெயிலை ஓரளவு தாங்கும். கலப்பின ரகங்களை மத்தியான நிழலுக்கு நகர்த்திவிடுங்கள்.

மாடியில் செடி சாவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, தொட்டி சூடாகி வேர் வேகுவதால். கறுப்புத் தொட்டியையும் கறுப்பு பையையும் தவிர்த்து, மண் தொட்டியோ வெள்ளைப் பையோ வாங்குங்கள். தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சூடும் ஏறாது, தண்ணீரும் வடியும், தளமும் கெடாது. தொட்டிகளை நெருக்கமாக, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுகிற மாதிரி கூட்டமாக வைக்க வேண்டும். பெரியவை மேற்குப் பக்கம், சின்னவை கிழக்குப் பக்கம். மண் தெரியாத அளவுக்கு மூடாக்கு போடுங்கள். காய்ந்த சருகு, கரும்புச் சக்கை, தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வைப்பது என எதுவும் சரி. இது ஒன்றைச் செய்தாலே தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறையும். வாசல் மண்ணுக்கும் இதே.

தண்ணீர் விடும் நேரம் காலை ஏழு மணிக்குள். விட்டுப்போனால் மாலை. குழாயை மாடியில் வெயிலில் போட்டுவைத்திருந்தால் அதற்குள் இருக்கிற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். முதலில் வருவதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்தபின் செடிக்குப் பிடியுங்கள். மேல்தொட்டித் தண்ணீருக்கும் மாலையில் இதே கதி, அதனாலும் காலைதான் நல்லது. மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட வேண்டாம். மத்தியானம் இரண்டு மணிக்குச் செம்பருத்தி இலை தொங்கினால் பதறி ஓடித் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தண்ணீர்க் குறை இல்லை. மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் தாகம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சேமித்துச் செடிக்கு விடும் பழக்கம் பரவியிருக்கிறது. நல்லெண்ணம்தான், ஆனால் அதில் உப்பு கூடுதல். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதும் இலை நுனி கருகுவதும் அதனால்தான். தரை துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் உரம் போடுவதைக் குறைத்துவிடுங்கள். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் என்றால் பத்து மடங்கு நீர்த்து, ஈர மண்ணில், மாதம் ஒரு முறை. இலையில் மஞ்சள் புள்ளியும் அடிப்பக்கம் மெல்லிய வலையும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. வறண்ட காற்றில் பெருகும் இது. காலையில் இலையின் கீழ்ப்பக்கமாகத் தண்ணீர் தெளித்துக் கழுவினாலே குறையும். கந்தகத் தூள் அடிக்கச் சொல்வார்கள். கடும் வெயிலில் அது இலையைக் கருக்கிவிடும்.

இன்னொரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். வாசல் பாத்தியின் விளிம்பில் மழை லில்லிக் கிழங்குகளை வரிசையாக நட்டுவையுங்கள். புல் மாதிரி இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கோடை மழை ஒன்று பெய்து சில நாளில் ஒரே காலையில் இளஞ்சிவப்பாக அத்தனையும் எழுந்து நிற்கும். மழைக்கு வருகிற அந்தக் காட்சி குழாய்த் தண்ணீருக்கு அந்த அளவு வராது. அதோடு ஃபுட்பால் லில்லி ஒரு தொட்டி. வருடத்துக்கு ஒரே முறை, ஏப்ரல்-மே வாக்கில், இலைக்கு முன்பே சிவப்புப் பந்தாகப் பூ வரும். பனிக்காலத்தில் இலை காய்ந்து தொட்டி வெறுமையாகக் கிடக்கும்போது செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், கிழங்கு தூங்குகிறது.

பூ வந்தபின் பறிப்பதிலும் பக்குவம் வேண்டும். மல்லியில் இன்று விரியும் மொட்டு முழு வெள்ளையாக, உருண்டு இருக்கும். நாளைய மொட்டில் லேசாகப் பச்சை ஓடும், கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் இன்றைய மொட்டை மட்டும் பறித்து, தண்ணீர் தெளிக்காமல், ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். மாலை நாலு மணிக்கு வாழைநாரை நனைத்துக்கொண்டு கட்ட உட்கார்ந்தால், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நெருக்கி முடிக்கும்போது மொட்டு மூடியே இருக்கும். ஏழு மணி வாக்கில் சரமே விரியும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும், பறித்தபின் நெடுநேரம் நிற்கிற மணமும்தான் அதன் பெருமை. வீட்டில் பறித்த மொட்டுக்கு இன்னொரு மேன்மை உண்டு. சந்தைப் பூ பல கை மாறி, பல மணி நேரம் கழித்து நமக்கு வருகிறது. உங்கள் வாசல் மொட்டு காலையில் செடியில் இருந்தது. நாலைந்து மொட்டை இரவு மண்பானைத் தண்ணீரில் போட்டுவைத்துக் காலையில் குடித்துப் பாருங்கள். மருந்து அடிக்காத செடியில்தான் இதைச் செய்ய முடியும்.

கடைசியாக, ஊருக்குப் போகிற பத்து நாள். தண்ணீர் விட ஆள் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாலும் போதும். ஆள் இல்லையென்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் மாடித் தொட்டிகளை எல்லாம் இறக்கி வாசலில் வீட்டின் கிழக்குச் சுவரோரம், மத்தியான நிழல் விழுகிற இடத்தில் நெருக்கி வையுங்கள். விரிந்த பூவையும் பெரிய மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள், செடிக்குத் தண்ணீர்த் தேவை குறையும். ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டிகளை விடச் சற்று உயரத்தில் வைத்து, பருத்திக் கயிற்றை நனைத்து ஒரு நுனியை வாளியின் அடிவரை விட்டு, மறு நுனியை ஒவ்வொரு தொட்டி மண்ணுக்குள்ளும் நாலு அங்குலம் புதையுங்கள். கயிறு வழியே ஈரம் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். கொசு வராமல் வாளியை மூடிவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு முறை கட்டிப் பார்த்துவிட்டால் எந்தக் கயிறு வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். அடினியத்துக்கும் காகிதப்பூவுக்கும் கயிறு வேண்டாம், கிளம்பும் அன்று ஒரு முறை நன்றாக விட்டால் போதும். வாசல் மண்ணில் இருக்கிற மல்லிக்கும் செம்பருத்திக்கும் முந்தின நாள் மாலை பாத்தி நிரம்ப விட்டு, மூடாக்கை இரு மடங்காகப் போடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது சில செடி வாடியிருந்தால் உடனே உரம் போடாதீர்கள். நிழலிலேயே வைத்துத் தண்ணீர் மட்டும் விட்டு, புதுத் தளிர் தெரிந்தபின் மாடிக்கு ஏற்றுங்கள்.